பேசாத டேப்பட்

டவுட்டன் சிக்னலில் நின்றால்தான் தெரியும். ஓடும்போது ஒன்றுமே இருக்காது. சிவப்பு விழுந்து, வண்டி ஐடிலுக்கு வந்ததும் ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கும். பக்கத்து சீட்டில் கிடக்கும் பாட்டிலில் தண்ணீர் நடுங்கும். பச்சை விழுந்து மூன்றாவது கியருக்குப் போய்விட்டால் மறுபடி பட்டு மாதிரி ஓடும். போன ஐப்பசி முழுக்க, பெரம்பூரிலிருந்து கிண்டி வரை தினமும் இதே கதைதான்.

அப்பாவின் வண்டி இது. 2010-ல் வாங்கியது, நாலு சிலிண்டர், 16 வால்வு. 2013-ல் கேஸ் கிட் போட்டார். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர் என்பதால் வண்டிக்குள் யாரையும் லேசில் கைவைக்க விடமாட்டார். அவர் போன பிறகு நாலு வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன். ஆயில், பில்டர் எல்லாம் நேரத்துக்கு மாற்றிவிடுவேன். டேப்பட் மட்டும், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை மட்டும், பார்த்ததில்லை. சத்தமே வராததால் பார்க்கவும் தோன்றவில்லை.

முதலில் மழையைத்தான் சந்தேகப்பட்டேன். அந்த வாரம் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறியிருந்தேன். பிளக் குழியில் ஈரம் இறங்கினாலும் மிஸ்ஸிங் வரும், அதாவது ஒரு சிலிண்டர் அடிக்காமல் விட்டுவிடும். பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் நாலையும் கழற்றித் துடைத்துக் காயவைத்தேன். போகவில்லை.

அப்புறம் ஒர்க்‌ஷாப். மூன்று தடவை விட்டேன். பிளக் நாலும் மாறியது, இன்ஜெக்டர் கிளீனிங் நடந்தது, ஒரு காயில் புதிதாக வந்தது. மூன்றாம் தடவை, "ஈசிஎம் போயிருக்கும் மேடம், 38,000 ஆகும்" என்றார்கள். ஈசிஎம் என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்.

"கம்ப்ரஷன் பாத்தீங்களா?" சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்பதைத்தான் கேட்டேன்.

"அதெல்லாம் தேவையில்ல மேடம், ஸ்கேனர்லயே வந்துடும்."

வராது. ஸ்கேனர் காட்டிய பிழைக் குறியீடு பி0302. இரண்டாவது சிலிண்டர் அடிக்கவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் லேசாக வேகம் எடுக்கும். எந்தச் சிலிண்டரின் முறை வரும்போது அந்த உந்துதல் குறைகிறது என்பதை சென்சாரை வைத்துக் கண்டுபிடிக்கிறது ஈசிஎம். தீப்பொறி வரவில்லையா, எரிபொருள் வரவில்லையா, உள்ளே அழுத்தம் நிற்கவில்லையா என்பதை நாம்தான் தேட வேண்டும்.

அன்றைக்கு வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் பிளக்கையும் மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இங்கே போட்டேன். காயில் கெட்டிருந்தால் குறியீடு பி0303 ஆகியிருக்கும். ஆகவில்லை. பெட்ரோலிலும் கேஸிலும் ஒரே மாதிரி உதறியது. இரண்டு எரிபொருளுக்கும் இன்ஜெக்டர் வேறு வேறு, இரண்டும் ஒரே சிலிண்டரில் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளாது. இந்த நேரத்தில்தான் செக் லைட் விட்டுவிட்டு மின்னவும் ஆரம்பித்தது. அப்படி மின்னினால் வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும்.

அப்பா செய்யும் ஒரு வேலை அப்போது நினைவுக்கு வந்தது. தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது சைலன்சர் வாய்க்கு எதிரே தொங்கவிடுவார். நானும் பிடித்தேன். நல்ல இன்ஜின் என்றால் தாள் வெளிப்பக்கமாகவே படபடக்கும். இங்கே படபடத்துக்கொண்டிருந்த தாள் நடுநடுவே சட்டென்று உள்ளே இழுபட்டுக் குழாய் வாயில் ஒட்டி விடுபட்டது. மூடியிருக்க வேண்டிய நேரத்தில், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை, பிஸ்டன் இறங்கும்போது அந்தப் பக்கமிருந்தே காற்றை இழுக்கிறது.

சந்தேகம் வந்துவிட்டது, இனி எண் வேண்டும். வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் 1,450 ரூபாய்க்கு, மரை வைத்துத் திருகும் கம்ப்ரஷன் கேஜ் வாங்கினேன். ரப்பர் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கும் வகை வேண்டாம், ஆழமான பிளக் குழியில் அது சரியாக உட்காராது.

ஞாயிற்றுக்கிழமை காலை. இன்ஜினைச் சூடாக்கி அணைத்தேன். கேஸ் சிலிண்டர் வால்வை மூடி, பெட்ரோல் பம்ப் பியூஸைப் பிடுங்கி, நாலு காயில், நாலு பிளக்கையும் வெளியே எடுத்தேன். ஒரு பிளக்கை மட்டும் எடுத்து அளந்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், எண்ணை நம்ப முடியாது. பேட்டரியை முந்தின இரவே சார்ஜ் போட்டிருந்தேன். அம்மாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி சாவியைத் திருப்பச் சொன்னேன். மிதிக்காவிட்டால் காற்று போதுமான அளவு உள்ளே வராமல் நாலு சிலிண்டருமே குறைவாகக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் ஆறு சுற்று.

182, 118, 178, 180 பிஎஸ்ஐ.

பழைய மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு, அதிகமான எண்ணில் முக்கால் பங்குக்குக் கீழே எதுவும் இறங்கக் கூடாது என்பது. 182-க்கு முக்கால் பங்கு 136. இரண்டாவது அதற்கும் கீழே. பக்கத்து ஒன்றும் மூன்றும் நன்றாக இருப்பதால், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் இரண்டு சிலிண்டருக்கு நடுவே போயிருக்க வாய்ப்பில்லை. பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து எண் நன்றாக ஏறும். 118 வெறும் 124 ஆனது. ரிங் இல்லை, வால்வுதான்.

நெடுஞ்சாலையில் ஏன் தெரியவில்லை என்பதும் அப்போது புரிந்தது. ஐடிலில், நிமிடத்துக்கு 700 சுற்றில், பிஸ்டன் ஒருமுறை மேலே ஏற 43 மில்லி செகண்ட். 3,000 சுற்றில் வெறும் 10. ஒழுகுவதற்கு அங்கே நேரமே இல்லை.

மறுநாள் விடியற்காலை, இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது வால்வு கவரைத் திறந்தேன். எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.26 முதல் 0.30 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான பில்லர் கேஜில் 0.26 நுழையவில்லை. 0.15 நுழையவில்லை. 0.05, சிகரெட் டப்பா ஜிகினாத்தாள் மாதிரி இருக்கும் அந்தத் தகடு, அதுவும் மடங்கியதே தவிர உள்ளே போகவில்லை.

தேய்ந்தால் இடைவெளி அதிகமாகும், சத்தம் வரும் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். கேஸ் வண்டியில் தலைகீழ். கேஸ் ஆவியாகவே உள்ளே வருவதால் பெட்ரோல் துளிகள் தரும் குளிர்ச்சி கிடையாது. வால்வு உட்காரும் சீட் சீக்கிரம் தேய்கிறது. சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் ஏறி, அதன் தண்டு ராக்கரை நெருங்குகிறது. இடைவெளி குறையக் குறைய டேப்பட் அமைதியாகிறது. கடைசியில் வால்வு முழுதாக மூடுவதே இல்லை. மூடி உட்காரும்போதுதான் அதன் சூட்டில் பெரும்பகுதி சீட் வழியாக ஹெட்டுக்குப் போகும். உட்காரவே இல்லையென்றால் வால்வு விளிம்பு கருகிவிடும். "டேப்பட் கொஞ்சம் பேசணும்மா, பேசாத டேப்பட் வால்வத் தின்னுடும்" என்று அப்பா சொன்னது இதைத்தான். வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறதே என்று நாலு வருஷம் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

பதினாறு டேப்பட்டையும் சரி செய்தேன். இரண்டாவது 146 வரை வந்து நின்றுவிட்டது, மற்ற மூன்றையும் எட்டவில்லை. ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். தெரு முனை மெக்கானிக் அண்ணனும் நானும் அதைப் புதுப்பேட்டை லேத்துக்கு எடுத்துப் போனோம். லேத்துக்காரர் இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றைத் துடைத்துக் கையில் கொடுத்தார். விளிம்பில் நகக்கண் அளவுக்கு, மூன்றாம் பிறை மாதிரி ஒரு கடி. அவ்வளவுதான். இதற்குத்தான் ஈசிஎம் மாற்றச் சொன்னார்கள்.

எட்டு எக்ஸாஸ்ட் வால்வும் புதிது போட்டு, சீட் வெட்டி, வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் போட்டார். ஹெட்டைச் சாய்த்துப் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி, அடியில் ஒரு சொட்டும் கசியவில்லை என்று பார்த்த பிறகே கொடுத்தார். வால்வு, கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 14,600. மாட்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் அளந்தேன். 184, 181, 183, 184.

எதிர்வீட்டு அண்ணன் டாக்ஸி ஓட்டுகிறார், அதுவும் கேஸ் வண்டிதான். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "என்னுது சத்தமே இல்லாம சூப்பரா ஓடுதும்மா" என்றார். மறுநாள் காலை ஐந்தரைக்கே, அவர் சவாரிக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவர் வண்டியின் வால்வு கவரைத் திறக்கவைத்தேன். மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட், 0.08. வால்வு இன்னும் கருகவில்லை. ஸ்குரூவைத் திருப்பி, தகடு லேசாகப் பிடித்து வழுக்கும் அளவுக்கு வைத்து, நட்டை இறுக்கினோம். ஸ்டார்ட் செய்ததும் வண்டி மெல்லிசாகத் தட்ட ஆரம்பித்தது. அவர் முகம் கொஞ்சம் மாறியது. "இருக்கட்டும்ண்ணே, பேசட்டும்" என்றேன்.