தொடாமல் இருந்திருந்தால்

"நீங்க தொடாம இருந்திருந்தா அது ஓடிக்கிட்டுத்தானே இருந்திருக்கும், தம்பி?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். கோபத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் பழகியிருக்கிறது. கணக்குப் பிரிவு மேடம், நான் பராமரிக்கும் அவருடைய அலுவலக சர்வரைப் பற்றி நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கையில் சனிக்கிழமையின் வவுச்சர் கட்டு. அதன் ரப்பர் பேண்டைக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இல்ல மேடம். எப்படியும் போயிருக்கும். இப்பவே போனது ஒரு வகையில நல்லதுதான்."

சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் தலையாட்டிவிட்டு வவுச்சர்களை முதலிலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்கினார். இரண்டு வருடமாகிறது. எனக்கு உறுத்துவது அந்த வேகம்தான்.

நானூறு நாளுக்கு மேல் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்த சர்வர் அது. உள்ளே தூசி அடைந்து, ஃபேன்கள் எப்போதும் உச்ச வேகத்தில் இரைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு காலாண்டும் பிராசசரின் வெப்பநிலை முந்தைய அறிக்கையைவிட நாலைந்து டிகிரி கூடியிருந்தது. இரண்டு முறை அணைக்க அனுமதி கேட்டேன், இரண்டு முறையும் மாதக் கடைசி என்று தள்ளிப்போனது. மூன்றாவது முறை நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். "அதுவா ஒருநாள் நின்னா அதுக்கப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றேன். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அணைத்தோம்.

சுத்தம் செய்ததில் எந்தக் குறையும் இல்லை. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கை தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெடும், அதனால் விரலால் பிடித்துக்கொண்டுதான் அடித்தேன். பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் இடுக்குகளிலிருந்து தூசி சாம்பல் நிறக் கம்பளித் துணிபோல ஒரே பாளமாகக் கழன்று வந்தது. அதைக் கையில் எடுத்து மேடத்திடம் காட்டியதும் நினைவிருக்கிறது. பெருமையாகத்தான் காட்டினேன்.

மூடி, பவர் பட்டனை அழுத்தினேன். மூன்று டிஸ்க். இரண்டில் பச்சை விளக்கு, மூன்றாவதில் ஆரஞ்சு. காதை வைத்துக் கேட்டால் டிக், டிக், டிக். பிறகு ஒன்றுமில்லை.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஹார்டு டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்வரை அதற்குப் பெரிய பாடு இல்லை. நின்ற நிலையிலிருந்து தட்டைச் சுழற்றி எடுக்கும் அந்தச் சில நொடிகளில்தான் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. வருடக்கணக்கில் சூடாகவே இருந்த பாகங்கள் அரை மணி நேரத்தில் குளிர்ந்து சுருங்குகின்றன. பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியவரும். பழைய குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது அணைவதைவிட, சுவிட்சைப் போடும்போது பட்டென்று போவதைத்தானே அதிகம் பார்த்திருக்கிறோம்? அணைத்ததால் கெட்டதா, கெட்டிருந்தது அணைத்ததால் தெரிந்ததா? அன்று இரண்டாவதைத்தான் நம்பினேன். அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு டிஸ்க் போனால் ஒன்றும் ஆகாது, அதற்குத்தானே டிஸ்க்குகளை ஒன்றாகக் கோத்து வைக்கும் ரெய்டு 5. (கணக்குப் பிரிவில் ரெய்டு என்ற சொல்லை உரக்கச் சொல்லக்கூடாது என்பது தனிக்கதை.) மாற்று டிஸ்க்கைச் செருகினேன், மற்ற இரண்டையும் படித்துப் போனதை மறுபடி எழுதும் ரீபில்டு ஓடத் தொடங்கியது. எழுபது சதவீதம் தாண்டிய நேரத்தில் இரண்டாவது டிஸ்க்கில் ஒரு செக்டரை, அதாவது ஒரு சின்னத் துண்டை, படிக்க முடியவில்லை. ரீபில்டு நின்றது. ரெய்டு 5 தாங்குவது ஓர் இழப்பைத்தான். ரீபில்டு ஓடும்போது மிச்சமுள்ள டிஸ்க்குகளை முதல் செக்டரிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். வருடக்கணக்கில் யாரும் தொடாத ஏதோ ஒரு பழைய ஃபைல் கிடக்கும் மூலையில் பழுது ஒளிந்திருந்தால், அது வெளியே வருவது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

அந்த மூலையை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் பேட்ரோல் ரீட் என்று ஒன்று இருக்கிறது. பின்னணியில் டிஸ்க் முழுவதையும் அவ்வப்போது படித்துப் பார்க்கும். அதை நிறுத்தி வைத்தவனே நான்தான். முந்தைய வருடம் "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ" என்று அதே மேடம் அடிக்கடி போன் செய்ததால் நிறுத்தினேன். வேகம் கூடியதா என்பதே சந்தேகம், ஆனால் போன் நின்றது. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பழியைத் திருப்பிவிடுவதுபோல இருக்கும் என்று விட்டுவிட்டேன். பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால், அவர் வேகம்தான் கேட்டார், பேட்ரோல் ரீட்டை நிறுத்தச் சொல்லவில்லை.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து புது டிஸ்க்குகளில் வெள்ளி இரவு பேக்கப்பை மீட்டெடுத்தேன். திங்கள் காலை எல்லோரும் வரும்போது சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. போனது சனிக்கிழமைப் பதிவுகள் மட்டும், அறுபதுக்கு மேல் வவுச்சர்கள். அப்போது வந்த கேள்விதான் முதலில் சொன்னது.

அதன் பிறகு நிறையப் படித்தேன். என் பக்கம் பேச ஆள் தேடினேன் என்று சொன்னால் சரியாக இருக்கும். ஆள் கிடைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு. டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அளவீடுகளில் வலுவான அறிகுறிகள் என்று அவர்கள் எடுத்துக்கொண்ட நான்கில் ஒன்றுகூடக் காட்டாமலே செத்துப்போனவை, செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல். என் முதல் டிஸ்க்கும் அப்படித்தான். முந்தைய அறிக்கைகளில் அதன் எண்கள் எல்லாம் பூஜ்யம். ஆக, என்னால் முன்பே கண்டுபிடித்திருக்க முடியாது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் தேட ஆரம்பித்தால் வேண்டாததும் கையில் அகப்படும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கடலோர விமானப் பிரிவுக்காக வேலை செய்த வாடிங்டன் என்ற உயிரியலாளர், விமானங்களின் பழுதுக் கணக்கைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை முறையான பராமரிப்பு. பழுதுகள் அதிகம் வந்தது அந்தப் பராமரிப்பு முடிந்த கையோடுதான், பறக்கப் பறக்கக் குறைந்திருக்கிறது. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதில் வந்த வினை. 1978இல் நௌலான், ஹீப் என்ற இரண்டு விமானப் பொறியாளர்கள் எழுதிய அறிக்கையும் அதே திசையில்தான் போகிறது. அவர்கள் பார்த்த பாகங்களில் வயதாக ஆகத் தேய்ந்து பழுதாகும் வகை 11 சதவீதம்தான். மற்றவற்றுக்கு வயதை வைத்து நாள் குறிப்பதில் பெரிய பயனில்லை.

மேடம் இதில் ஒன்றும் படித்தவரில்லை. ஓடுகிறதைத் தொடாதே என்ற அவருடைய எண்ணத்தை நான் பத்து வருடமாக அறியாமை என்று நினைத்துவந்திருக்கிறேன்.

அதற்காக அவர் கட்சிக்கும் முழுதாகப் போய்விட முடியவில்லை. கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு, அதை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. மே 12ஆம் தேதி பிரிட்டனின் மருத்துவமனைகளிலிருந்து தொழிற்சாலைகள்வரை நின்றுபோன கணினிகள் பெரும்பாலும், ஓடுகிறதைத் தொடாதே என்று அந்த இரண்டு மாதமும் விட்டுவைத்தவை. யூபிஎஸ் பேட்டரியைத் தொடாமல் விட்டால் மூன்று நான்கு வருடத்தில் உப்பிக்கொண்டு, கரண்ட் போன அடுத்த நொடியே கைவிடும். அதெல்லாம் பார்த்த கண்தான் இதுவும். தூசியை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வேலைநாளின் நடுவில், நான் ஊரில் இல்லாத நேரத்தில் நின்றிருக்கலாம். இன்னும் இரண்டு வருடம் ஓடிவிட்டு, புது சர்வர் வந்ததும் கௌரவமாக ஓய்வு பெற்றும் இருக்கலாம். அவர் கேட்டது இதைத்தான். எனக்குத் தெரியாது. "தெரியல மேடம்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

பராமரிப்பு ஆளாக இருப்பதன் சங்கடம் இதில்தான் இருக்கிறது. நான் தடுத்த பழுது எதையும் யாருக்கும் காட்ட முடியாது, எனக்கே காட்டிக்கொள்ள முடியாது. கண்ணால் பார்க்கக் கிடைப்பது நான் தொட்டபின் நின்றது மட்டும். அதனால் எப்படியும் போயிருக்கும் என்ற வாக்கியம் எங்களுக்குக் கையிருப்புச் சரக்கு. அது இல்லாமல் இந்தத் தொழிலில் குப்பை கொட்ட முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. எந்த ஆய்வும் அதற்கு ஆறுதல் தரவில்லை.

என் பராமரிப்புப் படிவத்தில், சர்வரை அணைப்பதைக் குறிக்கும் வரிக்கு மேலே ஒரு வரி: "முழு பேக்கப் எடுக்கப்பட்டது." அந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறது. கீழே என் கையெழுத்து. பேக்கப் தினமும் இரவு பதினோரு மணிக்கு ஓடும், நாங்கள் அணைத்தது ஏழுக்கு. கையால் ஓடவிட்டால் நாற்பது நிமிடம். மேடம் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், நானும் இன்னோர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. நேற்று இரவு எடுத்தது இருக்கிறதே என்று டிக் போட்டேன். பொய் என்று அப்போது தோன்றவில்லை. டிஸ்க் எப்படியும் போயிருக்கலாம், அதை வாதாடலாம். அந்த அறுபது வவுச்சர்கள் எப்படியும் போயிருக்காது.

அவர் அந்தப் படிவத்தைப் பார்த்ததில்லை. கேட்டதுமில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையும் மறுபடி ஏற்றினார். நடுவில் ஒரு பில்லில் எண் சரியாகத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டு, "இது ஏழா ஒண்ணா, பாருங்க தம்பி" என்றார். ஏழு.

இப்போது அணைப்பதற்கு முன் பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு ஃபைலை மீட்டுத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படிவத்தைத் தொடுகிறேன். எல்லா இடத்திலும் அப்படித்தான். அந்த அலுவலகத்தில் மட்டும், புது டிஸ்க்குகள் போட்டதிலிருந்து சர்வரை நான் ஒருமுறைகூட அணைக்கவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. போன வாரம் போயிருந்தபோது ஓடும் நாட்கள் எழுநூறைத் தாண்டியிருந்தது. ஃபேன்கள் மறுபடி இரைய ஆரம்பித்திருக்கின்றன. முன்பக்க வலைத்தட்டைப் பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்துவிட்டு, "உட்புறத் தூசி நீக்கம்" என்ற கட்டத்தின் முன் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். மேடம் திரும்பிப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்கா தம்பி?" என்றார்.

"நல்லா ஓடுது மேடம்" என்றேன்.