அழிப்பதுதான் வேலை

சுடோகு புதிரில் 30 எண் கொடுத்தால் சுலபம், 24 கொடுத்தால் கஷ்டம் என்று எங்கள் ஆசிரியர் இன்றும் நம்புகிறார். ஈரோட்டில் ஒரு சிறிய நாளிதழில் பக்கம் வடிவமைக்கிறேன். கூடவே சுடோகுவும் என் தலையில்தான். ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், 3x3 பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒருமுறைதான் வர வேண்டும், அதுதான் விதி. 81 எண்ணும் நிரம்பிய கட்டத்தைக் கம்ப்யூட்டர் நொடியில் தந்துவிடும். அதில் எதை அழிப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

கண்ட இடத்தில் கை வைக்க முடியாது. ஒரு வரிசையில் 3, 8. இன்னொரு வரிசையில் அதே நெடுவரிசைகளில் 8, 3. இந்த நாலு எண்ணும் இரண்டே பெட்டிக்குள் அடங்கிவிட்டால், நாலையும் சேர்த்து அழிக்கக் கூடாது. அழித்தால் இடம் மாற்றிப் போட்டாலும் சரியாக வரும். இரண்டு விடை வந்துவிடும். ஒன்றையாவது விட்டுவைக்க வேண்டும். குறைந்தது 17 எண் கொடுக்காமல் ஒரே விடை வராது என்று டப்ளினில் கணிதவியலாளர் கேரி மெக்வயர் குழுவினர் 2012இல் கம்ப்யூட்டரை மாதக்கணக்கில் ஓடவிட்டு உறுதிசெய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த 17 எண் புதிர்களிலேயே பல வெகு சுலபம். 30 எண் இருந்தும் நகராமல் நிற்பவையும் உண்டு.

இதை எனக்குப் புரியவைத்தவர் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதும் ஒரு பெரியவர். பேனாவில்தான் போடுவார். "ஏனுங்க தம்பி, இன்னைக்கு நடுவுல முட்டிக்கிட்டு நிக்குதுங்களே, ஊகிச்சுப் போட்டாத்தான் நகருது" என்று போன் செய்தார். மென்பொருள் 'நடுத்தரம்' என்று முத்திரை குத்திக் கொடுத்த புதிர் அது. விடை ஒன்றுதான், சந்தேகமில்லை. ஆனால் பேனா வைத்திருக்கிறவர் அங்கே போய்ச் சேர வழி இல்லை.

1979இல் ஹோவர்ட் கார்ன்ஸ் அமெரிக்காவில் சுடோகுவை உருவாக்கினார். 1984இல் ஜப்பானில் நிக்கோலி என்ற புதிர்ப் பத்திரிகை நிறுவனம் எடுத்துக்கொண்டது. நிக்கோலிக்காரர்கள் கையால்தான் புதிரை உருவாக்குவார்கள். எந்தெந்தக் கட்டத்தில் எண் தெரிய வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, விடை போடுகிறவர் எங்கே தொடங்குவார், அடுத்து எங்கே போவார் என்று யோசித்தபடியே எண்களை வைப்பார்கள். வெய்ன் கோல்ட் என்பவர் ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதிய, சுடோகு தயாரிக்கும் கம்ப்யூட்டர் நிரலால்தான் 2004இல் லண்டன் டைம்ஸ் நாளிதழில் வந்து, அப்புறம் உலகமெல்லாம் பரவியது என்பதும் உண்மை. தினம் ஒன்று வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது. ஆனால் அது சொல்லும் தரத்தை நான் நம்புவதில்லை. ஒரு பிரிண்ட் எடுத்து டீக்கடையில் உட்கார்ந்து நானே போட்டுப் பார்ப்பேன். ஊகிக்க வேண்டி வந்தால் அங்கே ஒரு எண்ணைத் திருப்பி வைத்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தை. கடைக்காரர்கள் ராத்திரியெல்லாம் கண்விழித்திருப்பார்கள். அன்றைக்குச் சுலபமானது.

பெரியவரின் இப்போதைய குறை வேறு. மூலையில் பொடி எண் எழுதிப் பார்க்க இடமில்லை, மை ஊறிவிடுகிறது, கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்க என்கிறார். கேட்பது நியாயம்தான். விளம்பரத்துக்கு இடம் போய்விடும் என்று மேலே சம்மதிக்க மாட்டேன் என்கிறார்கள்.