சீரம் சேர்த்த பிறகான இரண்டு மணி நேரம்

சுண்டெலியின் 3டி3 என்னும் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களில், வளர்ச்சித் தூண்டல் கிடைத்தவுடன் திசுக் காரணியின் மரபணு இயங்கத் தொடங்குவதை என் கையால் செய்து பார்க்க எனக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. இரத்தத்திலுள்ள ஏழாம் காரணி என்னும் உறைதற்புரதத்தைப் பற்றிக்கொண்டு இரத்த உறைதலைத் தொடங்கிவைக்கும் சவ்வுப் புரதம் அது. வளர்ச்சியைத் தூண்டச் செல்களுக்குச் சேர்க்கும் சீரத்துக்கு உடனே பதிலளிக்கும் மரபணுக்களுள் இதுவும் ஒன்று என்பது 1989-இலேயே இவ்வகைச் செல்களில் காட்டப்பட்டிருந்ததால், வேலை எளிதில் முடியுமென்று நம்பினேன்.

முதல் முறை, சீரம் சேர்த்து ஆறு மணி நேரமும் ஒரு நாளும் கழித்துச் செல்களைச் சேகரித்தேன், எதுவும் தெரியவில்லை. அடுத்த முறை நேரத்தைக் குறைத்தேன், ஆனால் தூண்டாத செல்களிலும் அந்த மரபணுவின் எம்.ஆர்.என்.ஏ. (மரபணு இயங்கும்போது உருவாகும் நகல்) அளவு உயர்ந்தே நின்றது. ஓரிரவு மட்டும் சீரத்தைக் குறைத்தால் செல்கள் பெருக்கத்தை நிறுத்திவிடும் என்று எண்ணியது என் அவசரம். போதாததற்கு, சேகரிக்கும் நாளில் செல்கள் வளரும் திரவமான பழைய ஊடகத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றியதே செல்களைக் கலைத்திருக்கும் என்று எங்கள் ஆய்வகத்து மூத்த மாணவி சுட்டிக்காட்டினார்.

எனவே 0.5 சதவீதச் சீரத்தில் 48 மணி நேரம் விட்டுவைத்து, ஊடகத்தை மாற்றாமல் அதன்மேலேயே சீரத்தைச் சேர்த்தேன். ஒப்பீட்டுத் தட்டுகளுக்கு அதே கொள்ளளவில் சீரமற்ற ஊடகம் சென்றது. அரை மணி நேரம், ஒன்று, இரண்டு, நான்கு மணி நேரம் எனச் சேகரித்தபோது, எம்.ஆர்.என்.ஏ. இரண்டாம் மணி நேரத்துக்குள் ஏறி, நான்கில் இறங்கத் தொடங்கியிருந்தது. புரத உற்பத்தியைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு இருந்தபோதும் ஏற்றம் நிற்கவில்லை, இன்னும் அதிகமானது. புதிய புரதம் எதுவும் உருவாகக் காத்திராமல் மரபணு இயங்கியது என்பதற்கு அதுவே சான்று.

செல் வளர்ப்பவர்கள் சீரத்தைத் தீனியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது இரத்தம் உறைந்த பின் எஞ்சும் நீர். தட்டணுக்கள் உமிழ்ந்த வளர்ச்சிக் காரணி அதில் இருக்கிறது. உடலுக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட் அதைச் சந்திப்பது பெரும்பாலும் காயத்தில்தான். 1999-இல் மனிதத் தோல் செல்களில் சுமார் 8,600 மரபணுக்களைக் கண்காணித்த ஆய்வும், சீரத்துக்கான பதிலில் காயம் ஆற்றும் மரபணுக்கள் பல எழுவதைக் காட்டியது. பெருகத் தொடங்கும் செல் உறைதற்புரதத்தை ஏன் செய்கிறது என்ற என் குழப்பம் அப்போதுதான் தீர்ந்தது.

கடைசியாக, செல் சாற்றையும் கால்சியத்தையும், உறையாதிருக்கச் சிட்ரேட் கலந்த பிளாஸ்மாவில் (செல்கள் நீக்கிய இரத்தத் திரவத்தில்) சேர்த்து, 37 பாகை நீரில் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். தூண்டிய செல்களின் சாறு சேர்த்த பிளாஸ்மா வெகு விரைவில் இறுகியது. ஏழாம் காரணியற்ற பிளாஸ்மாவில் அந்த வேகம் காணாமற்போனது.