மாஸ்டர் அழித்த எழுத்து

உயர்தர வகுப்பில் எங்களோடு சரித்திரம் படித்தவர்களுக்கு அந்தக் காலை நினைவிருக்கும். மாஸ்டர் எங்கள் முஸ்லிம் நண்பனைக் கூப்பிட்டு, கரும்பலகையில் 'துருக்கி' என்று அரபு எழுத்தில் எழுதச் சொன்னார். எழுதினான். அதை ஒரே இழுப்பில் அழித்துவிட்டு, அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினார்.

"துருக்கி மொழிக்கு இனி இந்த எழுத்துத்தான் என்று 1928 நவம்பரில் சட்டம். டிசம்பரில் பத்திரிகைகள் மாறிவிட்டன. ஜனவரியில் புத்தகங்கள். படித்த தாத்தாவும் பேரனோடு சேர்ந்து அரிச்சுவடி படிக்க வேண்டும்" என்றார்.

துருக்கியின் கதையை அங்கிருந்து பின்னோக்கித்தான் நடத்தினார். 1908 ஜூலையில் மக்கெடோனியாவில், சுல்தானின் தனியாட்சியை எதிர்த்த 'இளந்துருக்கியர்' இயக்கத்து இராணுவ அதிகாரிகள் கிளர்ச்சி செய்து மலையேறியதும், 30 வருடமாக முடக்கியிருந்த அரசியல் யாப்பை சுல்தான் அப்துல் ஹமீது திரும்பக் கொடுக்க நேர்ந்தது. முஸ்லிம்களும் ஆர்மீனியரும் கிரேக்கரும் தெருவில் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அதைச் சொல்லிவிட்டு மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏழே வருடத்தில், அதே இயக்கத்தின் தலைவர்கள்தான் ஆர்மீனியரை ஊரூராகப் பாலைவனத்துக்கு விரட்டிக் கொன்றார்கள். சீர்திருத்தக்காரர் என்று எழுதுகிற விடையில் இதுவும் இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை.

துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கமாலை அவருக்குப் பிடிக்கும். லொசான் சமாதானப் பேச்சுக்கு சுல்தானின் இஸ்தான்புல் அரசையும் கமாலின் அங்காரா அரசையும் சேர்த்தே அழைத்தார்கள். உடனே 1922இல் சுல்தான் பதவி போனது. அடுத்த வருடம் குடியரசு, 1924 மார்ச்சில் முஸ்லிம்களின் சமயத் தலைவரான கலீபாவும் நாட்டைவிட்டுப் போனார். ஆனால் மதச்சார்பின்மை யாப்பில் ஏறியது 1937இல்தான். நான் 1923 என்று எழுதி வாங்கிய சிவப்புக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

போன வருடம் இஸ்தான்புல் போனேன். மூன்றாம் அகமது சுல்தான் 1728இல் கட்டிய நீரூற்று மண்டபத்தின் சுவரெல்லாம் பழைய எழுத்துக் கவிதை. பக்கத்தில் நின்ற இளைஞரிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினார். அவருடைய மொழிதான்!

படமெடுத்து அந்த நண்பனுக்கு அனுப்பினேன். 1990இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறியவன், இப்போது புத்தளத்தில். தொலைபேசியில் எழுத்துக் கூட்டிப் படித்தான். துருக்கி மொழி அவனுக்குப் புரியாது. தடுமாறித் தடுமாறிக் கடைசியில் ஒரு சொல்லில் நின்றான். "இது துஆ மச்சான்."

"துஆ!" என்றார் அந்த இளைஞர். இரண்டு கையையும் ஏந்திக் காட்டினார்.