பழைய போர்தோ, சிக்கனமான வழியில்

பிரான்சின் போர்தோ வட்டார ஒயின் பண்ணைகளைத் தரம் பிரித்த 1855ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ள பெரிய பண்ணைகளின் முதிர்ந்த ஒயின் என் கைக்கு எட்டாத விலை. எனவே பெயரை விட்டுவிட்டு, விளைச்சல் ஆண்டையும் ஊரையும் பார்த்து வாங்கிப் பழகி வருகிறேன். புகழ்பெற்ற பண்ணையின் 2013-ஐ விட, போர்தோவின் ஓ-மெதோக் பகுதியில் அதிகம் பேசப்படாத பண்ணை ஒன்றின் 2005 எனக்கு மேலாகவே பட்டது. 2013 மழையும் குளிரும் கெடுத்த ஆண்டு, 2005-லோ திராட்சை சீராகப் பழுத்தது.

அந்த 2005-ஐத் திறப்பதற்கு முந்தைய நாளே நிமிர்த்தி வைத்தேன். பழைய ஒயினில் சேரும் வண்டல் அடியில் தங்க அது வேண்டும். பழைய தக்கை திருகாணியில் பொடிந்துபோகும் என்பதால், இரண்டு தகடுகளைத் தக்கையின் பக்கவாட்டில் செருகி இழுக்கும் கருவியையே பயன்படுத்துகிறேன். கழுத்துக்குப் பின்னால் விளக்கொளி விழும்படி பிடித்து மெல்லச் சாய்த்து ஊற்றினால், கலங்கிய மெல்லிய கோடு ஒன்று கழுத்தை நோக்கி நகர்வது தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். கோப்பையின் விளிம்பில் செங்கல் நிறம், மூக்கில் புகையிலை, தேவதாரு, ஈரச் சருகு. கபர்னே சோவின்யோன் திராட்சையின் துவர்ப்பு நாக்கைப் பிடிக்காமல் கரைந்திருந்தது. மிகப் பழையதை நெடுநேரம் காற்றில் விடக்கூடாது, மணம் கலைந்துவிடும்.

மெர்லோ என்ற திராட்சை மிகுந்த, போர்தோவின் ஆற்று வலக்கரை ஒயின்கள் பொதுவாக விரைவில் இளகுவதால், காத்திருக்க முடியாதவர்களுக்கு அந்தக் கரையிலுள்ள ஃப்ரோன்சாக் ஊரின் ஒயினைத்தான் சொல்வேன். பக்கத்திலுள்ள பொமெரோலின் விலையோடு ஒப்பிட்டால் அது மிக மலிவு.

பிரான்சுக்கு வெளியே தேடியதில் மனம் நின்றது ஸ்பெயினின் ரியோகா வட்டாரத்தில் நெடுநாள் முதிரவைத்த ஒயினுக்கான தரமான கிரான் ரிசர்வா. குறைந்தது ஐந்து ஆண்டுகள், அவற்றில் இரண்டு ஆண்டுகள் பீப்பாயிலும் இரண்டு ஆண்டுகள் பாட்டிலிலும் கழிந்த பிறகே அது விற்பனைக்கு வர வேண்டும் என்பது விதி. முதிர்ச்சிக்காகக் காத்திருக்கும் வேலையைப் பண்ணையே செய்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்செரா பூச்சி பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்தபோது போர்தோ வணிகர்கள் ரியோகாவை நாடினார்கள் என்பதால், 225 லிட்டர் பீப்பாய் வழக்கத்தில் இரண்டுக்கும் உறவு உண்டு. ஆனால் ரியோகாவின் திராட்சை வேறு, டெம்ப்ரனியோ. பல பண்ணைகள் விரும்பும் அமெரிக்க ஓக் மரம் வெனிலா, தேங்காய் மணத்தைச் சேர்த்துவிடுகிறது. முதுமையின் மென்மை கிடைக்கிறது, போர்தோவின் இறுக்கம் கிடைப்பதில்லை. சிலி நாட்டின் மைப்போ பள்ளத்தாக்குக் கபர்னே நேர்மாறு: திராட்சை அதேதான், ஆனால் நான் குடித்தவற்றில் பிளாக்கரன்ட் பழத்தின் இனிமையே முன்னால் நின்றது.

இப்போது 2016 ஃப்ரோன்சாக் சில பாட்டில்களை 13 டிகிரியில் படுக்க வைத்திருக்கிறேன்; அடுத்த குளிர்காலத்தில் ஒன்றை ஆட்டிறைச்சியோடு திறந்து, துவர்ப்பு இன்னும் முரடாக இருந்தால் மற்றவற்றைத் தொடாமல் விடுவதாக உத்தேசம்.