உகந்தையில் கிடைத்த வழித்துணை

இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையோடு ஊர்மனை முடிந்துவிடும். அதைத் தாண்டி, கடலோரப் பாறைகளுக்கு நடுவில் இருக்கிறது உகந்தை மலை முருகன் கோயில். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து கரையிறங்கிய இடம் என்பார்கள். ஓடம் போலக் கிடக்கும் பாறையைக் கடற்கரையில் இன்றைக்கும் காட்டுகிறார்கள். பக்கத்திலேயே வள்ளி மலை. உச்சியில் வள்ளிக்கு ஒரு சந்நிதி, பாறைக் குழிகளில் சுனைகள். கதிர்காமத்து ஆடி விழாவுக்கு நடந்து போகிறவர்கள் இங்கேதான் கூடுவார்கள். இதற்கு மேல் கதிர்காமம் வரைக்கும் காடுதான். குமண, யால என்ற இரண்டு வனப் பூங்காக்களின் ஊடாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆண்டில் இந்த ஒரு பருவத்தில் மட்டும், இரண்டு கிழமை அளவில், அடியார்களுக்காகப் பாதையைத் திறந்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வடமராட்சி. தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் வேல் எடுத்துக்கொண்டு புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கோயில் கோயிலாகத் தங்கி, இரண்டு மாதம் வரை நடந்து உகந்தைக்கு வருவார்கள். அவர்களை வழியனுப்பிப் பழகிய எனக்கு, காட்டுப் பாதையையாவது காலால் நடந்து பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வேலைக்கு லீவு கிடைத்ததும் உகந்தைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டேன். கூட வருவதாக இருந்தவர்களால் கடைசி நேரத்தில் வர முடியவில்லை. முருகன் இருக்கிறான், போ என்று என் தாய் அனுப்பிவிட்டார்.

வள்ளி மலைச் சுனையருகேதான் எனக்கு வழித்துணையான அந்த அம்மாவைச் சந்தித்தேன். அறுபத்தைந்து வயதிருக்கும். காவிச் சேலை, வெறுங்கால், தோளில் ஒரு துணிப்பொதி, அவ்வளவுதான். சுனை நீரைச் சிரட்டையால் மொண்டு தலையில் விட்டுக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்து, "தனியவா புள்ள வந்த?" என்று கேட்டார். ஆம் என்றேன். "எந்த ஊர்?" சந்நிதிப் பக்கம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "நான் மண்டூர். அப்ப ரெண்டு பேரும் சின்னக் கதிர்காமத்துக்காரர்தானே. வா, சேர்ந்து போவம்."

கிழக்கில் மண்டூரையும் வடக்கில் சந்நிதியையும் சின்னக் கதிர்காமம் என்றுதான் சொல்வார்கள். இரண்டிலும் பூசை செய்பவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொள்வார். மந்திரம் காதில் விழாது. மண்டூரில் கதிர்காமத்தைப் போலவே மூலத்தானத்தைத் திரை மறைத்திருக்கும். அந்தப் பூசையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குள் ஓர் ஒட்டுதல் வருவது இயல்பு. அதற்குமேல் அறிமுகம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மறுநாள் விடிய முன், உகந்தை வாசலில் கர்ப்பூரம் கொளுத்தி, அரோகரா சொல்லிக் காட்டுக்குள் இறங்கினோம். வாசலில் பெயர் பதிகிறார்கள், பிளாஸ்டிக் கொண்டு போகிறோமா என்று பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனாலும் உள்ளே வழியோரத்தில் போத்தல்களும் பிஸ்கட் உறைகளும் கிடக்கத்தான் கிடந்தன. வள்ளி பிறந்து வளர்ந்த காடு என்று கும்பிட்டுக்கொண்டு போகிறவர்கள் அதில் குப்பை போட எப்படி மனம் வருகிறது? அம்மா குனிந்து குனிந்து பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். சாக்கு ஒன்று நிறைந்ததும் தண்ணீர் பவுசரோடு நின்ற படையினரிடம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள்.

வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். தங்குமிடங்களின் பெயரை அம்மா மாலை கோத்தது போல் சொல்வார். சிறு பிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பாதையாம். நடை எப்போதும் இருள் பிரியும் நேரத்தில்தான். வெயில் ஏறியதும் மர நிழலில் ஒதுங்கிச் சமைத்து, சற்றுக் கண்ணயர்ந்து, வெயில் சாய மீண்டும் நடை. பொழுதுபட முன் எல்லாரும் ஓரிடத்தில் கூடிவிட வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் நடுவில், ஆண்கள் சுற்றிவர, நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள ஒருவர். யாருக்கும் பெயர் கிடையாது. எல்லாரும் சாமி. சிங்களக் குடும்பங்களும் எங்களோடு நடந்தன. மொழி இரண்டானாலும் அரோகரா ஒன்றுதான்.

வாகூரவெட்டை மட்டும் கால் எடுத்து வைக்கவே கடினமாக இருந்தது. நிழல் இல்லாத திறந்த வெளி. கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசும். அதைக் கடந்து குமுக்கன் ஆற்றங்கரையை அடைந்தபோது, பெரிய பெரிய மருத மரங்கள் ஆற்றின் மேல் கவிந்து நின்றன. முழங்காலளவு நீர். எல்லாரும் உடுப்போடு இறங்கிவிட்டோம். குமணப் பூங்கா அந்த ஆற்றோடு முடிகிறது, அக்கரை யால.

ஆடி மாதக் காட்டில் பாலைப்பழம் பழுத்துக் கிடக்கும். மஞ்சளாக, வேப்பம்பழ அளவில். கடித்தால் தேன் இனிப்பு, அப்புறம் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். அம்மா ஒரு கைப்பிடி பொறுக்கித் தந்தார். மரத்தடியில் விழுந்ததில் பாதியை விட்டுவிட்டு வரச் சொன்னார். கரடிக்கும் இதுதான் சாப்பாடு, அது பிறகு வரும் என்றார். கரடியை நாங்கள் காணவில்லை. மரப்பட்டையில் நகம் கீறிய தடத்தைத்தான் கண்டோம். யானையைக் கண்டோம். பாதையை மறித்து நின்ற ஒற்றை யானை. முன்னால் போனவர்கள் கையைக் காட்ட, அத்தனை பேரும் சத்தமில்லாமல் நிலத்தில் அமர்ந்துவிட்டோம். அதற்கு மனம் வந்து காட்டுக்குள் திரும்பும் வரைக்கும் யாரும் அசையவில்லை. பிள்ளைகள்கூட அழவில்லை.

வியாழையில் தங்கிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அம்மாவும் விழித்திருந்தார். பெருவெளியில் பக்கத்தில் ஒருவர் படுத்திருக்கும்போது மனதில் உள்ளதைக் கொட்டிவிடத் தோன்றும் அல்லவா? எனக்கும் தோன்றியது. நான் எதற்காக நேர்ந்து நடக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா எழுந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பை எடுத்துத் தன் வாயைக் குறுக்காக மூடிக் காட்டினார், பூசைக்குப் போகிற கப்புகனார் கட்டுவது போல. மண்டூரிலும் சந்நிதியிலும் பிறந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. நான் சொல்லவில்லை. அவருடைய நேர்த்தி என்னவென்று நானும் கேட்கவில்லை. கிழக்கு மண்ணில் அந்த வயதில் ஒரு தாய் எதையெல்லாம் பார்த்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தால் கேட்கவும் மனம் வராது. அந்த இரவுக்குப் பிறகு எங்கள் நடை இன்னும் இலகுவாகிவிட்டது என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

வள்ளியம்மன் ஆற்றில் ஆறு இருந்தது, தண்ணீர் இல்லை. வெறும் மணல். அம்மா ஆற்றின் வளைவில் ஓரிடத்தைத் தேர்ந்து, முழந்தாளிட்டுக் கையாலேயே தோண்டத் தொடங்கினார். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது. இன்னும் ஒரு சாண் தோண்டியதும் அடியில் நீர் கசிந்து நிறைந்தது, முதலில் கலங்கலாக. அதை மொண்டு வெளியே ஊற்றினார். மறுபடி ஊறியதையும் மொண்டு ஊற்றினார். மூன்றாவது முறை விளிம்பைத் தட்டி இறுக்கிவிட்டு, "இனிப் பொறு" என்றார். சற்று நேரத்தில் மணலின் ஒவ்வொரு பொடியும் தெரியுமளவுக்குத் தெளிந்துவிட்டது. முதல் சிரட்டை நீரைக் கிழக்கே பார்த்து வள்ளியம்மைக்கு விட்டார். அடுத்ததை, பின்னால் களைத்து வந்த ஒரு சிங்களத் தாத்தாவுக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு. குளிர்ச்சியாக, சற்று இரும்புச் சுவையோடு இருந்தது. புறப்படும்போது ஊற்றை மூடவில்லை. பின்னால் வருபவர்களுக்கும், இரவில் வரும் மிருகங்களுக்கும் ஆகும்.

கட்டகாமத்தில் காடு முடிந்து தார் ரோட்டு வந்ததும் ஏனோ நடை தளர்ந்துவிட்டது. வாகனச் சத்தம் காதுக்கு ஒவ்வவில்லை. அன்று பின்னேரம் மாணிக்க கங்கையில் முழுகி, ஈரத்தோடு முருகன் வாசலுக்குப் போனோம். முதன்முதலில் கதிர்காமம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே ராஜகோபுரம் இல்லை, விக்கிரகம் இல்லை. சிறிய கட்டடம். வள்ளி தெய்வானையோடு முருகனை எழுதிய திரை தொங்கும். அதற்குப் பின்னால் இருப்பதை அடியார்கள் பார்ப்பதில்லை. கப்புறாளைமார் வாய் கட்டிக்கொண்டு பூசை செய்வார்கள். அந்த எழுதிய திரையைப் பார்த்துத்தான் காலங்காலமாக ஊரே அழுகிறது. நானும் அழுதேன். அம்மா அழவில்லை. கையைக் கூப்பியபடி, பக்கத்து வீட்டாரிடம் கதைப்பது போல், வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே நின்றார்.

விழா நாட்களில் ஒவ்வோர் இரவும் யானை மேல் முருகனின் யந்திரப் பெட்டகம் ஏறி, முருகன் வாசலிலிருந்து வள்ளியம்மை கோயிலுக்கு ஊர்வலம் போகும். வள்ளியம்மை கோயிலுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல். தெய்வானையம்மன் கோயில் முருகன் கோயிலை ஒட்டி. நாங்கள் தீர்த்தம் வரைக்கும் தங்கிவிட்டோம். அன்னதான மடத்தில் சோறு, ஆற்றங்கரையில் படுக்கை. தீர்த்தத்தன்று விடிய மாணிக்க கங்கையில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தில் அம்மா என் கையை விடவே இல்லை.

பஸ் நிலையத்தில் விபூதிப் பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்து எனக்குத் தந்தார். ஆவணிப் பூரணைக்கு மண்டூர்த் தீர்த்தம், கட்டாயம் வர வேண்டும் புள்ள என்றார். எனக்கும் போக ஆசைதான். ஆனால் சந்நிதித் தீர்த்தமும் அதே ஆவணிப் பூரணை. இரண்டு பேருமே ஊரை விட்டு வர முடியாது. அதனால் அடுத்த ஆடிக்குக் காடு திறக்கும் முதல் நாள், உகந்தையில், வள்ளி மலைச் சுனையடியில் சந்திப்பது என்று பேசி முடித்துக்கொண்டோம்.