கான்கிரீட் மூடுவதற்கு முன் ஒரு முடிவு

மதுரையைச் சுற்றி அஸ்திவாரம் தோண்டுகிறவர்கள் மண்ணை முழுதாக நம்புவதில்லை. வைகைக் கரையை ஒட்டிய வயல்களில் வண்டலும் களிமண்ணும் வரும். யானைமலைப் பக்கமோ மேலூர் சாலையிலோ தோண்டினால் நாலடி ஆழத்திலேயே பாறை தட்டிவிடும். ஒப்பந்தப் பட்டியலில் சாதா மண்ணுக்கு ஒரு விலை, எஸ்.டி.ஆர். என்று நாம் சொல்லும் சிதைந்த பாறைக்கு ஒரு விலை, கடும் பாறைக்கு ஒரு விலை என்று இருக்கும். அக்கம்பக்கத்தில் வீடுகள் இருந்தால் வெடி வைக்க முடியாது. பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டும், அல்லது துளை போட்டு விரிவடையும் ரசாயனக் கலவையை ஊற்றிப் பிளக்க வேண்டும். அப்போது ஒரு கனமீட்டருக்கு ஆகும் செலவு மண் விலையைப் போலப் பல மடங்காகிவிடும். குழியில் இருப்பது எந்த வகைப் பாறை, அது எந்த மட்டத்தில் தொடங்கியது என்ற இரண்டு கேள்விகளில்தான் எங்கள் பகுதிக் கட்டுமானத் தகராறுகளில் கணிசமானவை பிறக்கின்றன.

இந்தத் தகராறுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதன் சாட்சி சில நாட்களுக்கு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அடித்தளத்தில் பி.சி.சி. என்ற கம்பியில்லாத கான்கிரீட் போட்டு, கம்பி கட்டி, தூணின் அடிப்பாகமான ஃபுட்டிங்குக்குக் கான்கிரீட் ஊற்றி, மண் நிரப்பிவிட்டால் பாறையை இனி யாரும் பார்க்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரிக் கட்டட வேலையில் இதே பிரச்சினை ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் தீர்ப்பு வரை போனது. அங்கே சமர்ப்பிக்கப்பட்டவை கைப்பேசிப் புகைப்படங்கள். குழிக்குள் மட்டம் காட்டும் அளவுக்கோலான லெவல் ஸ்டாஃப் நிறுத்தாமல் எடுத்தவை. ஒரு படத்தில் பாறையின் பக்கத்தில் கடப்பாரை கிடந்தது. அந்தக் கடப்பாரையின் நீளம் என்ன என்பதைப் பற்றி இரு தரப்பும் தனித்தனியே வாதம் எழுதின. எம்.புக் என்ற அளவுப் பதிவேட்டில் ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது. அறிவும் அனுபவமும் உள்ள நடுவர்கள்தாம். ஆனால் மூடிய குழியை அவர்களால் திறந்து பார்க்க முடியவில்லை.

அட்ஜுடிகேஷன் என்ற ஏற்பாட்டின் மதிப்பு எனக்கு இந்த இடத்தில்தான் விளங்குகிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, இரு தரப்பையும் சாராத, துறை தெரிந்த ஒருவர் சைட்டுக்கு வந்து பார்த்து, இரு தரப்பின் எழுத்தையும் படித்து, குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் முடிவு சொல்கிறார். அந்த முடிவு உடனே கட்டுப்படுத்தும். பணம் கொடுக்கச் சொன்னால் கொடுத்தாக வேண்டும். பிடிக்காதவர் பிறகு ஆர்பிட்ரேஷனிலோ நீதிமன்றத்திலோ முழு வழக்காக நடத்திக்கொள்ளலாம். அங்கே முடிவு மாறினால் பணம் திரும்ப வரும். அதுவரை முதலில் பணம், பிறகு வாதம்.

பிரிட்டனில் இது சட்டப்படியான உரிமை. கட்டுமானத் துறையை ஆராய்ந்து 1994இல் வெளிவந்த லேத்தம் அறிக்கையின் பரிந்துரையைத் தொடர்ந்து 1996இல் சட்டம் இயற்றப்பட்டு, 1998 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தகராறு எழுந்தால் எந்த நேரத்திலும் நோட்டீஸ் கொடுக்கலாம். 7 நாட்களுக்குள் விவகாரம் அட்ஜுடிகேட்டரிடம் போய்ச் சேர வேண்டும். அதிலிருந்து 28 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். முடிவில் பிழை இருந்தாலும் இப்போதைக்குப் பணத்தைக் கொடு என்ற நிலைப்பாட்டை அங்குள்ள நீதிமன்றம் 1999இல் மேகாப் வழக்கிலேயே எடுத்தது. அந்த ஒரு தீர்ப்பு இல்லாமல் இருந்திருந்தால் சட்டம் வெறும் காகிதமாகியிருக்கும் என்பது என் கணிப்பு. சிங்கப்பூரும் மலேசியாவும் பிறகு தத்தம் சட்டங்களைக் கொண்டு வந்தன.

நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கே அட்ஜுடிகேட்டருக்கு அதிகாரம் கொடுப்பது ஒப்பந்தம் மட்டுமே. அதில் எழுதாதது எதுவும் அவருக்குக் கிடையாது. உலக வங்கி நிதியில் நடக்கும் சிறு பணிகளுக்கான மாதிரி ஒப்பந்தத்தில் இந்த விதி உண்டு: திட்ட மேலாளரின் முடிவை ஏற்காத ஒப்பந்ததாரர் 14 நாட்களுக்குள் அட்ஜுடிகேட்டரிடம் போகலாம், அவர் 28 நாட்களில் எழுத்தில் முடிவு சொல்வார், அடுத்த 28 நாட்களுக்குள் யாரும் ஆர்பிட்ரேஷனுக்கு எடுத்துச் செல்லாவிட்டால் அதுவே இறுதி. சர்வதேச ஆலோசகப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் மாதிரி ஒப்பந்தங்களில் ஒருவருக்குப் பதிலாக ஒரு குழு இருக்கலாம். அதற்கு 84 நாட்கள். பெரிய நெடுஞ்சாலை, மின்நிலைய வேலைகளுக்கு அது பொருந்தும். நம்முடைய கல்யாண மண்டபத்துக்கும் மருத்துவமனைக் கட்டடத்துக்கும் குழு தேவையில்லை, ஒருவர் போதும்.

மற்ற வழிகளின் காலக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 1996ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் பின்னர் செய்த திருத்தங்களின்படி, இரு தரப்பும் தங்கள் எழுத்து வாதங்களை முடிக்க 6 மாதம், அங்கிருந்து தீர்ப்புக்கு 12 மாதம், இருவரும் இசைந்தால் மேலும் 6 மாதம். தீர்ப்பு வந்த பிறகு 34ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபணை, 37ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு என்று அது நீளும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின் கீழ், பாக்கித் தொகைத் தகராறுகளைக் கேட்கும் வசதியளிப்பு மன்றத்துக்குப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கட்டுமான ஒப்பந்தம் அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதிலேயே உயர் நீதிமன்றங்கள் வெவ்வேறு கருத்துச் சொல்லியிருக்கின்றன. வட்டிக்கு வாங்கிக் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை தோறும் கூலி கொடுக்கிற நடுத்தர ஒப்பந்ததாரர், நியாயம் தன் பக்கம் இருந்தும், இந்தக் காலத்துக்குள் தொழிலையே விட்டுப் போய்விடுகிறார்.

அவசரத் தீர்ப்பு அரைகுறைத் தீர்ப்பு என்ற ஆட்சேபணையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒப்பந்ததாரர் மாதக்கணக்கில் உட்கார்ந்து கோப்பு தயார் செய்துவிட்டு, நோட்டீஸ் கொடுத்ததும் எதிர்த்தரப்புக்குப் பத்துப் பதினைந்து நாட்களில் பதில் எழுதச் சொல்வது சமமான ஆட்டம் அல்ல. இறுதி பில், காலதாமதம், அதற்காகப் பிடிக்கும் இழப்பீடான எல்.டி., பில்லில் நிறுத்திவைக்கும் ரிடென்ஷன் பணம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தால் எந்த அட்ஜுடிகேட்டரும் 28 நாட்களில் நேர்மையாக முடிவு சொல்ல முடியாது. அதனால் என்னைக் கேட்டால், இதை வேலை முடிந்த பிறகு வரும் மொத்தக் கணக்குக்குப் பயன்படுத்தக் கூடாது. பாறை வகை, ஒப்பந்தப் பட்டியலில் இல்லாத எக்ஸ்ட்ரா ஐட்டத்தின் விலை, வேலையின் இடையில் வரும் ஒரு பார்ட் பில்லில் பிடித்த தொகை என்று அன்றன்று எழும் தனித்தனிக் கேள்விகளுக்கே பயன்படுத்த வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுதும்போது நான் விடாமல் கேட்பவை சில. அட்ஜுடிகேட்டரின் பெயரை வேலை தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். சண்டை வந்த பிறகு ஒருவர் சொல்லும் பெயரை மற்றவர் ஏற்பதில்லை. ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மதுரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்; ஆனால் அந்தக் கட்டடத்துக்கு டிசைன் செய்தவரோ, எஸ்டிமேட் சரிபார்த்தவரோ, யாருக்காவது சம்பந்தி முறை ஆகிறவரோ கூடாது. கட்டணத்தை இருவரும் பாதிப் பாதியாகக் கொடுக்க வேண்டும். முடிவு வந்து எத்தனை நாட்களில் பணம் தர வேண்டும் என்பதைத் தேதியாகவே எழுத வேண்டும். எதிர்த்தரப்பு பணம் தராவிட்டால், மூல விவகாரத்துக்குள் போகாமல், முடிவை மதிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நடுவர் இடைக்காலத் தீர்ப்பு தரலாம் என்று ஆர்பிட்ரேஷன் பிரிவில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்தோனேசிய எரிவாயுக் குழாய் வேலை ஒன்றில் பழைய ஃபிடிக் வாசகம் இந்த இடத்தில் தெளிவாக இல்லாததால், குழுவின் முடிவை அமல்படுத்தும் கேள்வி 2015 வரை சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நடந்தது. 28 நாட்களுக்குள் ஆட்சேபிக்காவிட்டால் உரிமை போய்விடும் என்ற வாசகத்தை மட்டும் வக்கீலிடம் காட்டாமல் போடக் கூடாது. உரிமையை நாள் குறித்து அழிக்கும் நிபந்தனைகளை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது என்ற வாதம் வரும்.

இவ்வளவையும் ஒப்பந்ததாரரின் பக்கம் நின்று எழுதியதாகக் கட்டட உரிமையாளர்கள் நினைக்க வேண்டாம். கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுப்பலகையான ஃபார்ம்வொர்க் சரியில்லாமல் பீம் வளைந்துபோய், உடைத்துக் கட்டும் செலவு யாருடையது என்று தெரியாமல் வேலை நிற்கும்போது, அந்த பீமை அப்படியே வைத்திருந்து ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டி எழுத்தில் முடிவு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர உரிமையாளருக்கும் இதே வழிதான். இரண்டாவது தளம் ஏறிய பிறகு அந்த பீமைப் பற்றிய வாதத்தில் அவருக்கும் புகைப்படம் மட்டுமே மிஞ்சும்.